சாடில் பீக்: கடல்மட்டத்திலிருந்து ஒரு மலையேற்றம்

(நமது சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எழுபத்துமூன்று வயதில் நானும் பெரியவர்கள் வரிசையில் சேர்ந்துவிட்டதால் கொஞ்சம் தைரியமாகவே பேசுகிறேன்.

'நான் ஏறிய மலை' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். நம்மில் பலர் கைலாஸம், முக்திநாத் போய் வந்தவர்கள். சிலருடைய பிள்ளைகள் நேபாளத்தில் ஷெர்பா கிராமங்கள் வழியாகப் பல நாட்கள் நடந்து, சுமார் 5,500 மீட்டர் உயரத்தில் உள்ள காலா பத்தரில் நின்று எவரெஸ்ட்டைப் பார்த்திருக்கிறார்கள். எனக்கும் அந்த ஆசை இருந்தது. இதய டாக்டர் ஒரே வார்த்தையில் 'வேண்டாம்' என்றார். 'கடல்மட்டத்தில் ஏதாவது மலை இருந்தால் போங்கள் சார்' என்று சிரித்தார். அவர் வேடிக்கையாகச் சொன்னதை நான் ஆபீஸ் ஆர்டராக எடுத்துக்கொண்டேன்.

அப்படி ஒரு மலை இருக்கிறது. வட அந்தமானில் திக்லிபூருக்கு அருகே உள்ள சாடில் பீக். உயரம் 732 மீட்டர். அந்தமான் நிக்கோபார் தீவுகளிலேயே உயர்ந்த சிகரம் அதுதான். 'இவ்வளவுதானா' என்று நினைக்க வேண்டாம். கடற்கரையில் கால் வைத்து ஆரம்பிப்பதால் அத்தனை மீட்டரையும் நாம்தான் ஏறியாக வேண்டும். அலிபிரியிலிருந்து திருமலைக்கு நடப்பதும் ஏறத்தாழ இதே ஏற்றம்தான். அங்கே 3,550 படிகளும் வழி நெடுக மோரும் காபியும் உண்டு. இங்கே படியும் இல்லை, காபியும் இல்லை.

2018 பிப்ரவரியில் நானும் எங்காத்து மாமியும், வங்கியிலிருந்து ஓய்வு பெற்ற நண்பரும் அவர் மனைவியுமாக நான்கு பேர் கிளம்பினோம். சென்னையிலிருந்து விமானத்தில் இரண்டேகால் மணி நேரத்தில் போர்ட் பிளேர். 2024ல் அதன் பெயர் ஸ்ரீ விஜயபுரம் என்று மாறிவிட்டது. முதல் நாள் கால்களைப் பழக்குவதற்காக மவுண்ட் ஹாரியட்டுக்குப் போனோம். பழைய சிவப்பு 20 ரூபாய் நோட்டின் பின்பக்கத்தில் தென்னை மரங்களும் கடலுமாக இருந்த படம் இங்கிருந்து தெரியும் காட்சிதான். 1891 போருக்குப் பிறகு மணிப்பூர் மன்னர் குலசந்திராவையும் மற்றவர்களையும் சிறை வைத்த இடம் என்பதால், 2021ல் இதற்கு மவுண்ட் மணிப்பூர் என்று பெயர் சூட்டினார்கள். அங்கிருந்து காட்டு வழியாக நடந்தால் ஒரு பாறை வருகிறது. அதன் பெயரும் காலா பத்தர்! டாக்டருக்குப் போன் செய்து, 'காலா பத்தர் ஏறிவிட்டேன்' என்று சொன்னேன்.

மறுநாள் அந்தமான் டிரங்க் ரோடு. திக்லிபூர் வரை சுமார் 330 கி.மீ. ஜிர்காடாங் சோதனைச் சாவடியிலிருந்து வண்டிகளை வரிசையாகப் போலீஸ் காவலோடு அனுப்புகிறார்கள். அது ஜாரவா பழங்குடியினரின் வனம். வண்டியை நிறுத்தக் கூடாது, படம் எடுக்கக் கூடாது, எதையும் கொடுக்கக் கூடாது. அந்தச் சாலையை மூட வேண்டும் என்று 2002ல் உச்ச நீதிமன்றமே உத்தரவிட்டது. ஆனாலும் சாலை ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த ஒரு மணி நேரமும் நாங்கள் கண்ணாடியை ஏற்றிவிட்டு, காமிராவைப் பையில் வைத்துக்கொண்டு, விஷ்ணு ஸஹஸ்ரநாமம் சொல்லிக்கொண்டு போனோம். யார் வீட்டு முற்றத்தின் வழியாகவோ போகிறபோது அதுதான் மரியாதை.

முப்பத்தைந்து வருஷம் கோப்புகளோடு வாழ்ந்தவனுக்கு இந்தச் சாலை வேறு விதமாகத் தெரிந்தது. ஒவ்வொரு கிராமமும் ஒரு சர்க்கார் உத்தரவு. மாயாபந்தர் அருகே வேபி என்ற ஊரில் இருப்பவர்கள் கரேன் மக்கள். 1925ல் காட்டு வேலைக்காகப் பர்மாவிலிருந்து அழைத்து வரப்பட்டவர்களின் சந்ததி. திக்லிபூர்ப் பக்கம் கிழக்கு வங்கத்திலிருந்து அகதிகளாக வந்து குடியமர்த்தப்பட்டவர்கள். நடுவில் ராஞ்சியிலிருந்து மரம் வெட்ட வந்த தொழிலாளிகளின் குடும்பங்கள். ஷெர்பாக்களைப் போல ஆதி மலைவாசிகள் இவர்கள் இல்லை. ஆனால் ஒரே தலைமுறையில் காட்டையும் கடலையும் கற்றுக்கொண்டவர்கள்.

வேபியில் ஒரு கரேன் பெரியவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். பேச்சு ஹிந்தியில். அவர் திடீரென்று கேட்டார்: 'உங்கள் பேரன்கள் உங்கள் பாஷை பேசுகிறார்களா?' என் பேரன்கள் இருவரும் நியூஜெர்ஸியில் இருக்கிறார்கள். 'புரிந்துகொள்வார்கள்' என்றேன். 'என் பேரன்களும் அப்படித்தான்' என்றார். அதற்குமேல் இருவரும் ஒன்றும் பேசவில்லை.

ஐந்தாம் நாள் மலை. கலிபூர் கடற்கரையில் தங்கி, விடியற்காலையில் லாமியா விரிகுடா வனச்சாவடியில் பெயர் பதிவு செய்தோம். உள்ளூர் வங்காளி இளைஞர்கள் இருவர் வழிகாட்டிகள். உச்சிக்கு ஒரு வழி சுமார் 8 கி.மீ. முதல் பகுதி கடலோரம், கூழாங்கற்கள் மேல் நடை. பிறகு காடு. குர்ஜன், படாக் மரங்கள் விளக்குத் தூண் போல நேராக நிற்கின்றன. கீழே பிரம்புப் புதர்கள். ஏற ஏற மரங்கள் குட்டையாகின்றன, காற்று குளிர்கிறது. கிலோமீட்டருக்கு 6.5 டிகிரி என்ற பாடப்புத்தகக் கணக்கின்படி உச்சியில் நாலேமுக்கால் டிகிரிதான் குறைய வேண்டும். ஈரமும் நிழலும் சேர்ந்து இன்னும் அதிகமாகத் தோன்றுகிறது. இந்த மலையில் மேகம் தங்குவதால்தான் கல்போங் ஆறு பிறக்கிறது. 2001 முதல் 5.25 மெகாவாட் மின்சாரமும் கிடைக்கிறது.

கிளம்பும்போதே ஒரு விதி வைத்துக்கொண்டோம்: பகல் பன்னிரண்டு மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்ப வேண்டும். பாதியில் நண்பரின் முழங்கால் 'போதும்' என்றது. அவரும் மனைவியும் ஒரு வழிகாட்டியோடு இறங்கினார்கள். நாங்கள் இருவரும் பதினொன்றே முக்காலுக்கு உச்சியைத் தொட்டோம். உச்சியில் காடும் மேகமும்தான். நல்ல காட்சி கிடைப்பது அதற்குக் கீழே, மரங்கள் விலகும் ஓரிடத்தில். கிழக்கே முழுக்கக் கடல். உயரத்தின் வர்க்கமூலத்தை 3.57ஆல் பெருக்கினால் அடிவானத்தின் தூரம் வரும். உச்சிக்கு ஏறக்குறைய 96 கி.மீ. கிழக்கே சுமார் 140 கி.மீ. தள்ளி நார்கொண்டம் எரிமலைத் தீவு இருக்கிறது. அதுவும் 710 மீட்டர் உயரம் என்பதால் கணக்குப்படி அதன் தலை தெரிய வேண்டும். அன்று மேகம்தான் தெரிந்தது.

அங்கே உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிடும்போது வழிகாட்டிப் பையனிடம் கேட்டேன்: 'இந்த மலைக்கு ஆதியில் என்ன பெயர்?' அவன் சிரித்தான். 'சாடில் பீக்தான் சார்.' வட அந்தமான் முழுவதும் ஒரு காலத்தில் கிரேட் அந்தமானியர்களின் மண். 1858ல் ஆங்கிலேயர் குடியேற்றம் வந்தபோது பத்துக் குலங்களாக ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். நோயும் மதுவும் துப்பாக்கியும் புகுந்தன. 1961 மக்கள்தொகைக் கணக்கில் 19 பேர். பிறகு ஸ்ட்ரெய்ட் தீவில் குடியமர்த்தப்பட்டார்கள். 'போ' மொழி பேசிய கடைசி மனுஷி போவா ஸீனியர் 2010 ஜனவரியில் காலமானார். தன் மொழியில் பேச ஆளில்லாமல் அவர் பறவைகளோடு பேசுவார் என்று, அவரிடமிருந்து அந்த மொழியைப் பதிவு செய்த பேராசிரியை அன்விதா அப்பி கூறியிருக்கிறார். மலை அப்படியே நிற்கிறது. அதை அழைத்த பெயர்களைச் சொல்ல வேண்டிய வாய்கள் போய்விட்டன.

நம் மொழிக்கு அந்தக் கதி வராது, கோடிக்கணக்கில் பேசுகிறோம். ஆனால் ஒரு குடும்பத்துக்குள் ஒரு மொழி நிற்பதற்கு இரண்டு தலைமுறை போதும். ஊர் திரும்பியதும் பேரன்களோடு ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் இருபது நிமிஷம் தமிழில் மட்டும் பேசுவது என்று ஆரம்பித்தோம். முதலில் முனகினார்கள். இப்போது பெரியவன் 'தாத்தா, வழுக்கல்னா என்ன?' என்று கேட்கிறான். மலைக் கதை சொன்னதன் பலன்.

போக விரும்புகிறவர்களுக்குச் சில குறிப்புகள். டிசம்பர் முதல் மார்ச் வரை நல்ல பருவம். அதே மாதங்களில் கலிபூரில் கடலாமைகள் முட்டையிட வரும். டார்ச் அடிக்க வேண்டாம். ஒவ்வொருவரும் மூன்று லிட்டர் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். கொண்டுபோன பிளாஸ்டிக்கைத் திரும்பக் கொண்டுவாருங்கள். சதுப்பு ஓடைகளில் முதலை உண்டு, குளிக்கப் பலகை பார்த்து இறங்குங்கள். சைவச் சாப்பாடு சொல்லி வைத்தால் செய்து தருகிறார்கள்; பருப்புப்பொடியும் ஊறுகாயும் நம் கையில் இருப்பது நல்லது. டாக்டரைக் கேட்காமல் கிளம்ப வேண்டாம்.

கேள்வி இருந்தால் காபிக்குப் பிறகு கேட்கலாம்.