கேஸ் ஷீட் அறையில் ஒரு வேலை

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)



"பிள்ளைகளுக்கு ஆஸ்பத்திரியில் என்ன வேலை கிடைக்கும், சம்பளம் என்ன வரும், நீ அங்கேதானே இருக்கே, வந்து சொல்லு" என்று கூப்பிட்டார்கள். நான் நர்ஸ் இல்லை. எங்கள் தெருவில் பாதிப் பேர் என்னை நர்ஸ் என்று நினைத்து ஊசி போடச் சொல்லிக் கேட்கிறார்கள். புதுக்கோட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் மெடிக்கல் ரெக்கார்டு அறையில் இருக்கிறேன். ஒன்பது வருஷம் ஆச்சு.

நோயாளி டிஸ்சார்ஜ் ஆனதும் அவருடைய கேஸ் ஷீட் எங்களிடம் வரும். டாக்டர் கையெழுத்து எங்கே விட்டுப்போச்சு, ஆபரேஷன் சம்மதப் படிவத்தில் தேதி இருக்கா, ரத்தப் பரிசோதனைச் சீட்டு வேறே யாருதாவது உள்ளே வந்திருக்கா என்று பக்கம் பக்கமாகப் பார்க்கணும். அப்புறம் நோய்க்குக் குறியீடு போடணும். உலக சுகாதார நிறுவனம் ஒவ்வொரு நோய்க்கும் ஒரு நம்பர் வைத்திருக்கிறது, ஐ.சி.டி. என்பார்கள். சர்க்கரைக்கு இ11, ரத்தக்கொதிப்புக்கு ஐ10, பாம்புக்கடிக்கு டி63.0. நம்ம ஊரில் மழை இறங்கி வயல் வேலை தொடங்கினால் அந்த டி63-ஐ எழுதியே கை வலிக்கும். 2022 ஜனவரியிலிருந்து பதினோராவது பதிப்பு நடப்புக்கு வந்துவிட்டது. எங்கள் அறையில் இன்னும் பத்துதான் ஓடுகிறது.

இந்த வேலைக்கு நான் எப்படிப் போனேன்? பிளஸ் டூ படிப்பு. சங்கத்தில் ஊக்குநராக இருந்து தீர்மானப் புத்தகம், ரொக்கப் புத்தகம், பேரேடு எழுதினேன். நேர்காணலில் "உனக்கு என்ன தெரியும்?" என்று கேட்டார்கள். "பேரேடு எழுதத் தெரியும் சார், இத்தனை வருஷத்தில் ஒரு ரூபாய் இடிச்சதில்லை" என்றேன். அதைக் கேட்டுத்தான் எடுத்தார்கள். எங்க அம்மா கல் உடைக்கிற வேலை. 1991-ல் அறிவொளி வந்தப்பத்தான் கையெழுத்துப் போடப் பழகினாங்க, சைக்கிளும் அப்பத்தான். அவங்க பேர் எழுதப் பழகின அந்த நோட்டு இன்னும் எங்கள் டிரங்குப் பெட்டியில் இருக்கு.

ஒரு சம்பவம் சொல்றேன். கந்தர்வகோட்டைப் பக்கத்து அக்கா ஒருத்தர். வீட்டுக்காரர் பைக் விபத்தில் அடிபட்டு எங்களிடம் சேர்ந்து, மூணாம் நாள் இறந்துட்டார். ரெண்டு வருஷம் கழித்து நஷ்டஈட்டு வழக்குக்காக கேஸ் ஷீட் கேட்டு வந்தார். எடுத்துப் பார்த்தால் வயது 52 என்று இருக்கிறது. அவருக்கு 42தான். சேர்க்கும்போது கூட வந்தவர் பதற்றத்தில் "அம்பதுக்கு மேலே இருக்கும்" என்று சொல்லியிருக்கிறார், இங்கே அப்படியே எழுதிவிட்டார்கள். பத்து வயசில் என்ன வந்தது என்று நினைக்காதீங்க. விபத்து நஷ்டஈட்டில் இறந்தவருடைய வருஷ வருமானத்தில் அவர் சொந்தச் செலவைக் கழித்துவிட்டு, மிச்சத்தை 42 வயது என்றால் 14-ஆல் பெருக்குவார்கள். 52 என்றால் 11-ஆல்தான். மூணு வருஷ வருமானம் போயிடும். எதிர்த்தரப்பு வக்கீல் இதைத்தான் பிடித்துக்கொண்டார். மத்தியானம் சாப்பிடாமல் தேடினேன். விபத்துப் பதிவேட்டில் முதல் நாள் டியூட்டி டாக்டர் டிரைவிங் லைசென்ஸைப் பார்த்து 42 என்று எழுதியிருந்தார். அந்தப் பக்கத்தை நகல் எடுத்து, அத்தாட்சிக் கையெழுத்து வாங்கிக் கொடுத்தேன். வழக்கு இன்னும் நடக்குது.

உங்களுக்குத் தெரிய வேண்டியது ஒண்ணு. உள்நோயாளியின் பதிவை மூணு வருஷம் வைத்திருக்கணும், நோயாளியோ அவர் அனுமதி பெற்றவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தரணும். 2002-ல் வந்த மருத்துவ நெறிமுறை விதி இது. "அதெல்லாம் தர மாட்டோம்" என்று கவுண்டரில் சொன்னால் எழுதிக் கொடுங்க, வாயால் கேட்டுட்டு வராதீங்க. அதே மாதிரி, நம்ம புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலெட்சுமி ரெட்டி பேரில் வருகிற 18,000 ரூபாய் மகப்பேறு உதவியும் பதிவைப் பார்த்துத்தான் வருது. பிக்மி பதிவில் ஒரு பேர், பாஸ்புக்கில் ஒரு பேர் என்றால் பிள்ளை நடக்க ஆரம்பிச்ச பிறகும் அலைய வேண்டியதுதான்.

சரி, சம்பளம். மறைக்காமல் சொல்றேன். 6,500-ல் சேர்ந்தேன், இப்போ 12,000. ஆஸ்பத்திரிச் சம்பளம் இல்லை, ஏஜென்சி மூலமாக. நடுவில் ஒரு வருஷம் பி.எஃப். பிடித்தார்கள், கணக்கில் கட்டவில்லை. நாங்கள் நாலு பேர் சேர்ந்து எழுதிக் கொடுத்த பிறகுதான் கட்டினார்கள். சம்பளச் சீட்டில் பிடித்தம் இருந்தால் மட்டும் போதாது, மாசம் ஒருமுறை செல்போனில் பி.எஃப். பாஸ்புக்கைப் பாருங்க. 21,000 வரை சம்பளம் வாங்குகிறவர்களுக்கு இ.எஸ்.ஐ.யும் உண்டு, நம்ம பங்கு நூற்றுக்கு முக்கால் ரூபாய், முதலாளி பங்கு மூணேகால்.

இதிலேயே இன்னொரு கிளை மெடிக்கல் கோடிங். திருச்சி, சென்னை கம்பெனிகளில் உட்கார்ந்து அமெரிக்க ஆஸ்பத்திரி பில்லுக்குக் குறியீடு போடுவது. அமெரிக்காவில் இந்த வேலையில் இருப்பவருக்கு 2023 கணக்குப்படி நடுத்தரமாக வருஷத்துக்கு 49,000 டாலர் கிட்ட, அதாவது 40 லட்ச ரூபாய். நம்ம பக்கத்துப் பொண்ணு ஒண்ணு திருச்சியில் மாசம் 15,000-ல் சேர்ந்தது. வேலை ஏன் இங்கே வருது என்று இதிலேயே புரியும். ஆனாலும் அந்தப் பொண்ணு நர்சிங் படிச்சது, சி.பி.சி. பரீட்சையும் எழுதினது. நாலு மணி நேரம், நூறு கேள்வி, எழுபது மார்க் எடுத்தால்தான் பாஸ். இப்போ சம்பளம் கூடியிருக்கு.

எங்க வீட்டுக் கதை வேறே. "நூறு சதவீதம் வேலை உத்தரவாதம்" என்று ஒரு பயிற்சி நிலையம் சொன்னதை நம்பி, சங்கத்தில் 45,000 கடன் வாங்கி மகளை மூணு மாசப் படிப்பில் சேர்த்தேன். அவள் படிச்சது பி.காம். எந்தக் கம்பெனியும் எடுக்கவில்லை, எல்லா இடத்திலும் உயிரியல், நர்சிங், பார்மசி படிச்சவர்களைத்தான் கேட்டார்கள். சேர்க்கும்போது அதை ஒருத்தரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இந்த வேலையிலேயே இருக்கிற நான் கேட்கவில்லை! பதினெட்டு மாசம் தவணை கட்டினேன். கூட்டத்தில் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதுதான் இன்னும் வலிச்சது.

இப்போ சுலபமான குறியீட்டைக் கம்ப்யூட்டரே போடுகிறது. வெறும் டைப் அடிக்கிற பிள்ளைகளுக்கு இனி இடம் சுருங்கும் என்றுதான் நான் நினைக்கிறேன். அது போட்டது சரியா என்று பார்க்கிற ஆள் வேணும், அதற்கு உடம்பைப் பற்றிய படிப்பு வேணும். முறையாகப் படிக்கணும் என்றால் வேலூர் சி.எம்.சி., புதுச்சேரி ஜிப்மர் மாதிரி இடங்களில் விசாரியுங்க. 2021-ல் வந்த துணை மருத்துவப் பணியாளர் சட்டத்தில் நம்ம வேலையும் ஒரு பிரிவாக இருக்கிறது. அதனால் சான்றிதழ் எங்கே வாங்கினது என்று இனி கேட்பார்கள். காசு இல்லாதவர்கள் மகளிர் திட்ட அலுவலகத்தில் டி.டி.யு.ஜி.கே.ஒய். இலவசப் பயிற்சியில் இந்தப் படிப்பு இருக்கா என்று கேளுங்க. பொதுவா 35 வயது வரைக்கும்தான், பெண்களுக்கு 45 வரை சேர்த்துக்கொள்வார்கள்.

கூட்டமைப்புக்கு ஒரு கோரிக்கை. படிப்புக்குக் கடன் கேட்டு மனு வந்தால், அந்த நிலையத்தில் போன வருஷம் படிச்சு வேலைக்குப் போன ரெண்டு பேரிடம் போனில் பேசிட்டு, அதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதின பிறகு கடன் கொடுங்க. என் மனு வந்த அன்னைக்கு இப்படி ஒரு வரி இருந்திருந்தால் நல்லா இருந்திருக்கும்.

கேஸ் ஷீட் கேட்டு மனு எழுதத் தெரியாதவங்க என்னிடம் வாங்க, எழுதித் தர்றேன். ஞாயிற்றுக்கிழமை வீட்டில்தான் இருப்பேன். வரும்போது ஆதாரும் டிஸ்சார்ஜ் சீட்டும் கொண்டு வாங்க, ஐ.பி. நம்பர் அதில்தான் இருக்கும்.