கையெழுத்து வாங்கும் முன்



நோயும் அதற்கு நாம் தேர்ந்தெடுக்கும் சிகிச்சையும் பெண்ணின் பாலுறவு நலத்தை எப்படி மாற்றுகின்றன என்று பேச மருத்துவர்களும் செவிலியர்களும் மனநல ஆலோசகர்களும் ஆய்வு மாணவர்களும் இக்கருத்தரங்கில் கூடியிருக்கிறோம். நீரிழிவு, புற்றுநோய், மனச்சோர்வு, மகப்பேறு எனப் பரப்பு பெரியது. எல்லாவற்றையும் தொட்டுவிட்டு நகர எனக்கு மனமில்லை. கருப்பை அகற்றத்தில் மட்டும் சற்று நின்று பேசுகிறேன்.

"கர்ப்பப்பையை எடுத்தாச்சு டாக்டர்" என்று சொல்லிக்கொண்டு வரும் பெண் இல்லாத ஓ.பி. நாள் நமக்கு உண்டா? தேசியக் குடும்பநல ஆய்வு 2015-16இல்தான் இதைப் பற்றித் தனியாகக் கேட்கத் தொடங்கியது. 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 100க்குச் சுமார் 3 பேர் இந்த அறுவையைச் செய்துகொண்டவர்கள். ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் விகிதம் அதைப்போல் இரு மடங்குக்கும் மேல். அறுவையின்போது பலர் முப்பதுகளில் இருந்தவர்கள். மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டப் போகும் பெண்கள், ஒரு நாள் விடுப்புக்கும் கூலி பிடிக்கப்படும் என்பதால் கருப்பையையே எடுத்துவிட்ட செய்தி 2019இல் நாட்டை உலுக்கியது. பீகார், சத்தீஸ்கர், ராஜஸ்தான் மாநிலங்களில் நடந்த தேவையற்ற அறுவைகள் பற்றிய வழக்கில் 2023இல் உச்ச நீதிமன்றம் தலையிட்டு, மத்திய அரசின் வழிகாட்டு நெறிகளை மாநிலங்கள் பின்பற்ற வேண்டும் என்றது.

இந்த அறுவையை நான் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை. தேவையான இடத்தில் அது பெண்ணுக்கு வாழ்வைத் திருப்பித் தருகிறது. 1999இல் வெளியான அமெரிக்க மேரிலாந்து ஆய்வில், தீங்கற்ற நோய்களுக்காகக் கருப்பை அகற்றிக்கொண்ட பெண்களிடம் உறவின்போது வலி வெகுவாகக் குறைந்திருந்தது, விருப்பம் கூடியிருந்தது. மாதத்தில் பாதி நாள் உதிரப்போக்கோடும் அடிவயிற்று வலியோடும் கிடந்தவளுக்கு அது விடுதலைதான்.

என் கவலை அதே அறுவை மேசையில் நடக்கும் இன்னொரு முடிவைப் பற்றியது. "வயிற்றைத் திறந்தாயிற்று, சினைப்பைகளையும் எடுத்துவிடலாம்." புற்றுநோய்க்கான மரபுவழி ஆபத்து இல்லாத, இன்னும் மாதவிடாய் நிற்காத பெண்ணிடமும் இது நடக்கிறது. இயல்பான மாதவிடாய் நிறுத்தம் சில ஆண்டுகளில் படிப்படியாக வருவது. இங்கோ ஈஸ்ட்ரோஜன் ஓரிரு நாளில் சரிகிறது, டெஸ்டோஸ்டிரோன் ஏறக்குறைய பாதியாகிறது. உடல் தகிக்கிறது, உறக்கம் கெடுகிறது, பிறப்புறுப்பின் சுவர் மெலிந்து வறள்கிறது, தொட்டாலே எரிகிறது. எலும்பும் இதயமும் பின்னால் கணக்குக் கேட்கின்றன. "அவர் பக்கத்தில் வந்தாலே பயமா இருக்கு" என்று அவள் சொல்ல வரும்போது நம் கையில் இருப்பது தையல் ஆறியதா என்று பார்க்கும் பரிசோதனை மட்டுமே. தையல் ஆறிவிட்டது, போய் வாருங்கள் என்கிறோம்.

இழந்ததைத் திருப்பித் தரும் மருந்து இருக்கிறது. அதைத் தரத் தயங்குகிறோம். 2002 ஜூலையில் அமெரிக்காவின் 'பெண்கள் உடல்நல முன்முயற்சி' ஆய்வின் ஒரு பிரிவு நிறுத்தப்பட்டதிலிருந்து ஹார்மோன் என்றாலே அச்சம். அந்தப் பிரிவில் இருந்தவர்களின் சராசரி வயது 63, அவர்கள் கருப்பை உள்ளவர்கள், உட்கொண்டது ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்ந்த மாத்திரை. அந்த முடிவை 38 வயதில் சினைப்பைகளை இழந்தவள்மேல் சுமத்துவது அறிவியல் ஆகாது. தடை ஏதும் இல்லையென்றால், இயல்பாக மாதவிடாய் நிற்கும் வயது வரை அவளுக்கு ஈஸ்ட்ரோஜன் தர வேண்டும். வறட்சி மட்டுமே தொல்லை என்றால், பிறப்புறுப்பில் தடவும் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் களிம்பு போதும். அதில் மிகச் சிறிதளவே இரத்தத்தில் கலக்கிறது.

சிகிச்சையின் விளைவைப் பெண்ணிடம் முன்கூட்டியே சொன்னோமா என்ற கேள்விக்கு மற்ற துறையினரும் பதில் சொல்ல வேண்டியவர்கள். டாபாகிளிஃப்ளோசின் காப்புரிமை 2020இல் காலாவதியானபின் மலிவாகி, நீரிழிவுச் சீட்டுகளில் நிறைந்துவிட்டது. நல்ல மருந்துதான். ஆனால் அது சிறுநீரில் சர்க்கரையை வெளியேற்றுவதால் பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று வரலாம் என்று, அதை எழுதிக் கொடுக்கும் நம்மில் எத்தனை பேர் சொல்கிறோம்? அந்த மருந்தை உட்கொள்ளும் பெண் அரிப்போடு வந்து நிற்பது மகளிர் பிரிவில், மருந்து எழுதியவர் வேறு பிரிவில். கருப்பைவாய்ப் புற்றுக்குக் கதிர்வீச்சு பெற்றவருக்கு யோனிப் பாதை சுருங்கலாம். விரிப்பான் பயன்படுத்தும் முறையைச் சிகிச்சை முடிந்த சில வாரங்களிலேயே செவிலியர் கற்றுக்கொடுத்தால் அதைக் குறைக்கலாம். கற்றுக்கொடுக்காவிட்டால் உறவு மட்டுமல்ல, அடுத்த பரிசோதனையே கடினமாகிவிடும். மார்பகப் புற்றுக்குத் தரும் லெட்ரோசோல், மனச்சோர்வு மருந்துகள் ஆகியவை பற்றி நாளைய அமர்வில் விரிவாகக் கேட்போம்.

கணவரோ மாமியாரோ அருகில் நிற்கும்போது எந்தப் பெண்ணும் இத்தகைய தொல்லைகளைப் பற்றிப் பேசமாட்டாள். கேட்க வேண்டியது நாம்தான், அவளைத் தனியே வைத்து. கணவரை இழந்தவர், திருமணமாகாதவர், அறுபது வயதுக்காரர் என்றால் கேள்வியையே விட்டுவிடுகிறோமே, அதற்கு நமக்கு என்ன உரிமை? தன் உடல் இனி எப்படி உணரும் என்று தெரிந்துகொள்ளும் தேவை தாலியைப் பொறுத்ததல்ல.

ஒப்புதல் படிவத்தில் மயக்க மருந்தின் ஆபத்து உண்டு, இரத்தப்போக்கு உண்டு, சிறுநீர்ப்பைக் காயமும் உண்டு. உறவு வாழ்வு பற்றி ஒரு வரி இல்லை. கைநாட்டோ கையெழுத்தோ வாங்கிய பிறகு சொல்வதில் பயனில்லை. எனவே இக்கருத்தரங்கிடம் நான் கேட்பது இரண்டு வேலைகள். சினைப்பைகளை எடுப்பதா விடுவதா என்பதைத் தனிக் கேள்வியாகவும், அதன் விளைவைப் பெண்ணுக்குப் புரியும் பேச்சுத் தமிழிலும் வைக்கும் ஒப்புதல் படிவ வரைவு ஒன்று. கேஸ் ஷீட்டில், முதல் வருகையிலும் அறுவைக்குப் பிந்தைய ஆறாவது வாரத்திலும் நிரப்ப வேண்டிய பாலுறவு நலக் கேள்விகள் இரண்டு மூன்று. வரைவுக் குழுவில் செவிலியர்களும், இந்த அறுவையைச் செய்துகொண்ட பெண்களும் இருக்க வேண்டும். நிறைவு அமர்வில் வரைவை வரிவரியாகப் படித்துத் திருத்துவோம். முதல் கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.