மரக்காலும் மனிதர் தொழிலும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)



மரக்கால் என்றதும் சிலப்பதிகாரம் கூறும் ஆடலே நம் நினைவிற்கு வரும். அசுரர் பாம்பும் தேளுமாக உருக்கொண்டு வர, கொற்றவை மரக்கால் மீது ஆடி அவற்றை மிதித்தழித்தாள் என்பது கதை. தரையிலே கால் வைக்க ஆகாதவிடத்து மரத்தையே காலாக்கலாம் என்ற அறிவு அதிலே உண்டு. அவ்வறிவு கூத்துக்கு மட்டுமன்றிப் பிழைப்புக்கும் உதவியது.

பிரான்சு தேசத்தின் தென்மேற்கே லாந்து என்னும் சமவெளி முன்னர் சதுப்பு நிலமாய்க் கிடந்தது. அங்கே ஆட்டிடையர் மரக்கால் கட்டி நடந்தனர். காலும் நனையாது, தூரத்து மந்தையும் தெரியும். நீண்ட கோலொன்றிற் சாய்ந்து கம்பளி பின்னியபடியே ஆடு காத்தனர். 1857ஆம் ஆண்டுச் சட்டத்தின்பின் சதுப்பு வடிக்கப்பட்டுப் பைன் காடு வளர்க்கப்பட்டது. மேய்ச்சல் நிலம் அருகியது. மரக்கால் திருவிழா ஆட்டமாயிற்று.

நம் இலங்கையின் தென்கரையில், வெலிகம, அஹங்கம, கொக்கல ஆகிய ஊர்களிலே, மீனவர் கடலில் ஊன்றிய கம்பத்தின் குறுக்குக் கட்டையிற் குந்தியிருந்து தூண்டில் போட்டனர். 2004 சுனாமிக்குப் பின் அத்தொழில் மிகவும் அருகியது. இன்று அக்கம்பங்களில் இருப்போரிற் பலர் உல்லாசப் பயணிகள் படம் பிடிப்பதற்காகக் காசு பெற்று இருப்பவர்களே. அவர்களை நகைத்தல் தகாது. வயிறு வளர்க்க வேண்டியவன் வேறு என்செய்வான்? ஆனால், தொழில் போய்க் காட்சி மட்டும் எஞ்சினால், தொழிலின் நுட்பம் யாரிடம் நிற்கும்?

இக்கேள்வி நம் தீவுகளுக்கும் உரியது. நம் முன்னோர் உயரத்திலே துலா மிதித்து, முன்னும் பின்னும் நடந்து தோட்டத்துக்கு நீரிறைத்தனர். இயந்திரம் வந்தது, அவர்கள் உடல் நோவும் தீர்ந்தது. அதற்காக வருந்துதல் வேண்டா. ஆயினும், துலா மிதிக்கையில் எவ்விடத்திற் காலை மாற்றுவது? பரவைக் கடலிலே களங்கட்டிக்குத் தடி நடுகையில் நீரோட்டத்தை எவ்வாறு கணிப்பது? பிரான்சு நாட்டு இடையரைப் பற்றிப் புத்தகத்திற் படிக்கும் நம்மில் எத்தனை பேர் இவற்றுக்கு விடை சொல்வோம்?

ஆகவே ஒரு வேண்டுகோள். ஊர்காவற்றுறையிலோ, நெடுந்தீவிலோ, நயினாதீவிலோ, இளைஞர் ஒவ்வொருவரும் ஒரு பெரியவரை அணுகி, அவர் கைத்தொழிலைக் கேட்டு எழுதுவோமாக. அடுத்த ஆண்டு மலர் அவற்றைத் தாங்கி வரட்டும். பெரியோர்களே, நாங்கள் வந்து கேட்கும்போது, “இதெல்லாம் உனக்கு ஏன் தம்பி?” என்று தள்ளிவிடாதீர்கள்.