கடிவாளமும் கண்பட்டையும்



2024ஆம் ஆண்டு அக்டோபர் 5ஆம் நாள், கிராஞ்சித் திடலில் சிங்கப்பூரின் இறுதிக் குதிரைப் பந்தயம் நடந்தேறியது. 1842இல் தொடங்கிய 182 ஆண்டுக்கால வரலாறு அன்றோடு நிறைவுற்றது. நம் லிட்டில் இந்தியாவில் ரேஸ் கோர்ஸ் சாலை என்னும் பெயர் மட்டும் பழைய திடலின் நினைவாக நின்றுகொண்டிருக்கிறது. பந்தயத்தின் நன்மை தீமைகளை ஆராய்வது இன்று என் நோக்கமன்று. குதிரைகள் நம்மூர்த் திடலை விட்டு நீங்கிய பின்னும் நம் பேச்சில் ஓடிக்கொண்டிருக்கும் ஓர் உவமையைப் பற்றியே பேச வந்தேன்.

“கடிவாளம் கட்டிய குதிரையைப் போல நேரே பார்த்து ஓடு” என்று மாணவர்க்கு அறிவுரை கூறுகிறோம். சிலர் “சேணம் கட்டிய குதிரை” என்றும் சொல்வதுண்டு. நானும் தேர்வுக் காலங்களில் பலமுறை சொல்லியவனே. ஒருநாள் வகுப்பில் ஒரு மாணவி எழுந்து, “ஐயா, கண்ணை மறைத்துவிட்டால் குதிரை பயந்து போகாதா?” என்று கேட்டாள். அன்று என்னிடம் விடை இல்லை. அந்த விடையைத் தேடியபோதுதான், நான் உவமையையும் தவறாகச் சொல்லியிருக்கிறேன், உவமைப் பொருளையும் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறேன் என்பது விளங்கிற்று.

முதலில் சொற்களைப் பார்ப்போம். கடிவாளம் என்பது குதிரையின் வாயோடு தொடர்புடையது. இழுத்து நிறுத்தவும் திருப்பவும் பயன்படுவது. சேணம் முதுகின் மேல் இடப்படுவது. இவை இரண்டும் கண்ணை மறைப்பன அல்ல. கண்ணருகே அணிவிக்கப்படுவது கண்பட்டை. பந்தயக் குதிரைகளுக்குத் துணியாலான ஒரு முக்காட்டை மாட்டி, அதன் கண் துளைகளின் பின்னோரத்தில் கிண்ணம் போன்ற மறைப்புகளைப் பொருத்துவர். அவை கண்ணை மூடுவதில்லை. பின்புறத்தையும் பக்கவாட்டின் ஒரு பகுதியையுமே மறைக்கின்றன. முன்னுள்ள பாதை குதிரைக்கு நன்றாகத் தெரியும்.

இம்மறைப்பு ஏன் தேவைப்படுகிறது? குதிரையின் கண்கள் தலையின் இருபுறங்களிலும் அமைந்தவை. நிலத்தில் வாழும் பாலூட்டிகளில் மிகப் பெரிய கண்களைக் கொண்ட விலங்குகளுள் அதுவும் ஒன்று. ஏறத்தாழ 350 பாகை அளவுக்குத் தன்னைச் சுற்றியுள்ளவற்றை அது காண வல்லது. நெற்றிக்கு நேர்முன்னே ஒரு சிறு பகுதியும், வாலுக்கு நேர்பின்னே ஒரு சிறு பகுதியுமே அதன் பார்வைக்கு எட்டாதவை. புல்வெளியில் மேயும்போதே பின்னால் பதுங்கி வரும் பகை விலங்கைக் கண்டு ஓடித் தப்புவதற்காக இயற்கை அளித்த காவல் இது. குதிரை போரிட்டுப் பிழைத்த விலங்கன்று. ஓடிப் பிழைத்த விலங்கு.

காட்டில் உயிர்காத்த அந்தப் பார்வை, பந்தயத் திடலில் இடையூறாகிவிடுகிறது. பின்னிருந்து நெருங்கும் மற்றொரு குதிரை, ஓங்கும் சாட்டை, வேலியோரத்தில் ஆரவாரிக்கும் கூட்டம் ஆகிய அனைத்தும் ஒருசேர அதன் கண்ணில் படுகின்றன. சில குதிரைகள் அஞ்சி விலகும். சில, கவனம் சிதறி வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அத்தகைய குதிரைகளுக்கே கண்பட்டை உதவுகிறது. எனவே, எல்லாக் குதிரைகளும் அதனை அணிவதில்லை.

அணிவிப்பதிலும் அளவு உண்டு. முழுக்கிண்ணம் உண்டு, அரைக்கிண்ணம் உண்டு. போட்டிக் குதிரை பக்கத்தில் வருவதைக் கண்டால்தான் சில குதிரைகளுக்கு ஊக்கம் பிறக்கும். அவற்றுக்காகக் கிண்ணத்தில் ஒரு பிளவு விட்டுவைப்பர். தன் நிழலையே கண்டு மிரளும் குதிரைக்குக் கண்ணை மறைப்பதில்லை. மூக்கின் மேல் ஆட்டுரோமப் பட்டை ஒன்றைக் கட்டித் தரையின் நிழலை மட்டும் மறைக்கின்றனர். பொருந்தாத குதிரைக்குக் கண்பட்டை அணிவித்தால், அது தொடக்கத்திலேயே கட்டுமீறி ஓடிக் களைத்துப் போவதும் உண்டு.

முழுவதுமாகக் கண்ணைக் கட்டும் நேரமும் ஒன்று உண்டு. புறப்பாட்டுக் கூண்டின் ஒடுக்கத்தைக் கண்டு சில குதிரைகள் உள்ளே நுழைய மறுக்கும். பிரிட்டன் போன்ற நாடுகளில் அத்தகைய குதிரையின் கண்களைக் கட்டி உள்ளே நடத்திச் செல்வர். கதவு திறக்கும் நொடியில் அதன் மேலிருக்கும் ஓட்டுநர் அக்கட்டை உருவிவிட வேண்டும். உருவத் தாமதித்தால் மற்றக் குதிரைகள் பாய்ந்தோடிவிட, இது மட்டும் இருளில் நிற்கும். கட்டத் தெரிந்த கை, உரிய நேரத்தில் அவிழ்க்கவும் தெரிந்திருக்க வேண்டும்.

1973ஆம் ஆண்டு ஜூன் 9ஆம் நாள், நியூயார்க்கின் பெல்மான்ட் திடலில் செக்ரடேரியட் என்னும் குதிரை ஒன்றரை மைல் தொலைவை 2 நிமிடம் 24 நொடியில் கடந்து, 31 குதிரை நீளம் முன்னதாக வென்றது. அன்று அது நீலமும் வெண்மையும் கலந்த கட்டமிட்ட கண்பட்டை அணிந்திருந்தது. அவ்வோட்டத்தின் புகழ்பெற்ற நிழற்படம் ஒன்றில், அதன் மேலிருந்த ரான் டர்காட் தலையைத் திருப்பி, திடலின் உட்புறத்தில் இருந்த நேரங்காட்டியைப் பார்க்கிறார். குதிரை முன்னே மட்டும் பார்த்து ஓடிற்று. அது காணாதவற்றை அதற்காகக் காண அதன் மேல் ஒருவர் இருந்தார்.

அந்த மாணவிக்கு அன்று சொல்ல முடியாத விடையை இன்று சொல்ல முடியும். “பயத்தை உண்டாக்குவதற்கன்று அம்மா, பயத்தைக் குறைப்பதற்காகவே சிறிது மறைக்கிறார்கள்; அதுவும் தேவைப்படும் குதிரைக்கு மட்டும், தேவைப்படும் அளவுக்கு மட்டும், ஓட்டம் முடியும் வரை மட்டும்.”

ஆசிரியப் பெருமக்களே, கடிவாளம் அடக்குவது. கண்பட்டை அச்சத்திலிருந்து காப்பது. இரண்டையும் ஒரே சொல்லால் குறித்துவந்ததால், அடக்குவதையே காப்பதாக எண்ணிவிட்டோமோ என்று ஐயுறுகிறேன். வகுப்பில் உள்ள நாற்பது பேருக்கும் ஒரே பட்டையைக் கட்டுகிறோம். விளையாட்டையும் கதைநூலையும் நட்பையும் மறைத்துவிடுகிறோம். தேர்வு முடிந்தபின் அவிழ்க்க மறந்துவிடுகிறோம். எதை மறைக்க வேண்டும், யாருக்கு மறைக்க வேண்டும், எப்போது அகற்ற வேண்டும் என்று கேட்டுச் செய்யும் பயிற்சியாளரின் கவனம் நமக்கும் வேண்டும்.

மாணவர்களே, குதிரைக்குத் தன் கண்பட்டையைத் தானே அணியவும் கழற்றவும் இயலாது. உங்களால் இயலும். படிக்கும் வேளையில் கைப்பேசியை அடுத்த அறையில் வைப்பது நீங்களே அணிந்துகொள்ளும் கண்பட்டை. படித்து முடித்ததும் அதனைக் கழற்றிவிட்டு, நாற்புறமும் நன்றாகப் பாருங்கள்.