அடைக்கோழிக்குத் தனியிடம்



பேகம்பேட்டில் எங்கள் வீட்டுக் கொல்லையில் ஏழு கோழிகள் இருக்கின்றன. அவற்றுள் ஒன்று சென்ற தை மாதம் அடைக்கு அமர்ந்தது. தெலுங்கர் அடைகாத்தலைப் 'பொதுகு' என்பர். பசுவின் மடிக்கும் அவர்களிடையே அதுவே பெயர். மொழிபெயர்ப்பே தொழிலாகக் கொண்ட எனக்கு இச்சொல்லின்மேல் ஒரு மோகம்.

பதினொரு முட்டை வைத்தேன். 21-ஆம் நாள் ஐந்து குஞ்சுகளே வெளிவந்தன. வைக்கோலைக் கிளறினால், உடைந்த ஓடுகள் நீங்கலாக இன்னும் எட்டு முட்டைகள்! மற்றக் கோழிகளும் அங்கேயே முட்டையிட்டிருக்கின்றன. முட்டை கிடக்கும் இடத்தில் முட்டையிடுவது கோழியின் சுபாவம். சிறகுக்குள் அடங்காதவை முறைவைத்துக் குளிர்ந்துபோயின. நெரிசலில் சில உடைந்தன. இரண்டு நாள் கழித்துத் தாய், பொரித்த குஞ்சுகளோடு இறங்கிப் போய்விட்டது. எஞ்சியவற்றை விளக்கொளியில் பிடித்துப் பார்த்தேன்; இரண்டினுள் உயிர் அசைந்தது. வேறு அடைக்கோழி இல்லை. மின்விளக்கின் கீழ் வைத்தும் பயனில்லாமற் போயிற்று.

காட்டுக்கோழி தனியே, மறைவில் கூடு அமைக்கும். கொல்லையில் அத்தனிமையை நாம்தான் அளித்தாக வேண்டும். இருட்டில் கோழி அடங்கியிருக்கும். ஆதலால் இரவிலேயே இடம் மாற்றுக. முதலில் இரண்டொரு கூமுட்டைகளின்மீது அமர்த்தி, அது நிலைகொண்டபின் நல்ல முட்டைகளை ஒரே நாளில் வைக்க வேண்டும். மேலே பஞ்சாரம் கவிழ்த்தால் பிற கோழிகள் அணுகா. பூனைக்கும் கீரிக்கும் கனமான மூடி தேவை. நாளுக்கு ஒருமுறை கால்மணி நேரம் வெளியே விட்டு, தானியமும் நீரும் காட்டி, சாம்பலில் புரளவிட்டால் பேன் குறையும். திரும்புகையில் தன் கூட்டுக்கே போகிறதா என்று கவனியுங்கள். வேறொரு கூட்டில் ஏறி அமர்ந்துவிடும் பேதைமை அதற்கு உண்டு. தனியிடம் இல்லாதோர் முட்டைகளில் கரியால் குறியிட்டு, குறியில்லாதவற்றை மாலைதோறும் எடுத்துவிடலாம்.

இந்நகரின் இராஜேந்திரநகரில் 1988-இல் தொடங்கிய கோழி ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய வனராஜா இனத்தில் அடைக்குணம் அரிது. அம்முட்டைகளையும் நாட்டுக்கோழியின் கீழ் வைத்தே பலர் பொரிக்கின்றனர். ஆந்திரப் பகுதிக்குரிய அசீல் கோழி சண்டைக்குப் பேர்போனது. ஆயினும் அடையில் அதைப்போல் பொறுமைசாலி இல்லை என்பது என் அபிப்பிராயம்.

இப்போது ஆவணி. அதே கோழி மீண்டும் அடையில் இருக்கிறது. இன்று 18-ஆம் நாள். பஞ்சாரத்தின்மேல் அம்மிக்கல்லை ஏற்றி வைத்திருக்கிறேன்.