ரிமோட் வாங்கும் முன்னே ஒரு நிமிஷம்

(அதியமான்கோட்டையில் நடந்த கூட்டமைப்புக் கூட்டத்தில், மாவு அரைக்கும் தொழில் செய்யும் குழு உறுப்பினர்கள் பேசியது)



1989-ல் அரசாங்கத்தின் மகளிர் குழுத் திட்டம் முதன்முதலா தொடங்கினது நம்ம தருமபுரி மாவட்டத்துலதான். அன்னைக்கு சேமிப்பு, உள்கடன் பத்தித்தான் பேச்சு. இன்னைக்கு மாவு மெஷின், எண்ணெய்ச் செக்கு, பாக்குமட்டைத் தட்டு மெஷின்னு மோட்டார் வைத்துத் தொழில் செய்கிறோம். அதனால மோட்டாரை ஆன் பண்ற சுவிட்ச் பத்திக் கொஞ்சம் பேச வந்திருக்கோம்.

எங்க ஷெட்டில் ராகி அரைக்கிற 2 குதிரைசக்தி மெஷின் இருக்கு. சுவிட்ச் போர்டு வாசல் பக்கம். மூட்டைகளைத் தாண்டித் தாண்டிப் போய் அணைக்க வேண்டியிருந்தது. அதுக்காக ஒரு ரிமோட் சுவிட்ச் வாங்கி மாட்டினோம். நல்லாத்தான் வேலை செய்தது.

ஒரு நாள் ஈரப்பதமான ராகி போட்டதில் மெஷின் அடைச்சுக்கிச்சு. ரிமோட்டில் ஆஃப் பண்ணிட்டு, மூடியைத் திறந்து குச்சியால் மாவைத் தள்ளிக்கிட்டிருந்தோம். ரிமோட் இன்னொரு அக்கா மடியில் இருந்தது. அவங்க குனிஞ்சு மூட்டையைத் தூக்கினப்போ பட்டன் அமுங்கிடுச்சு. மெஷின் ஓடிச்சு. குச்சி சுக்குநூறாப் போச்சு. குச்சிக்குப் பதிலா கை இருந்திருந்தால்? அன்னைக்கு ராத்திரி எங்க யாருக்கும் தூக்கம் வரலை.

மறுநாள் வயர்மேனைக் கூப்பிட்டுக் காட்டினோம். அவர் சொன்னதையும், நாங்க கத்துக்கிட்டதையும் சொல்றோம்.

ஒண்ணு, ஆம்பியர் கணக்கு. ரிமோட் பெட்டியில் 10 ஆம்பியர்னு போட்டிருக்கும். அது பல்பு, ஹீட்டருக்குச் சொன்ன கணக்கு. 2 குதிரைசக்தி சிங்கிள் பேஸ் மோட்டார் ஓடும்போதே ஏறக்குறைய 10 ஆம்பியர் இழுக்கும். கிளம்புற நேரத்தில் அதைப் போல 5, 6 மடங்கு இழுக்கும். சின்ன ரிலே சூடாகி உள்ளே ஒட்டிக்கும். ஒட்டிக்கிட்டால் ஆஃப் அமுக்கினாலும் மெஷின் நிற்காது. மோட்டார் கரண்ட்டை ரிமோட் வழியா விடவே கூடாது. அந்த மோட்டாருக்கு ஏற்ற ஸ்டார்ட்டர்தான் அதைத் தாங்கணும்.

ரெண்டு, கரண்ட் போய் வர்றது. சில ரிமோட் சுவிட்சுகள் கரண்ட் திரும்பி வந்ததும் தானா ஆன் ஆகிடும். பச்சை பட்டன், சிவப்பு பட்டன் உள்ள ஸ்டார்ட்டரில், கரண்ட் போனால் உள்ளே இருக்கிற காயில் விட்டுடும். மறுபடி பச்சையை அமுக்கினால்தான் ஓடும். இதைச் சோதிக்கிறது சுலபம். மெஷினைக் காலியா ஓட விட்டு மெயினை அணைங்க. நின்றதும் மறுபடி மெயினைப் போடுங்க. தானா ஓடினால் அந்த சுவிட்ச் நமக்கு வேண்டாம்.

மூணு, ரிமோட்டை நம்பி நிறுத்தக் கூடாது. பேட்டரி தீர்ந்தால் ரிமோட் செத்துப்போகும். அவசரத்தில் எங்கே வைத்தோம்னு தேடணும். புடவைத் தலைப்போ முடியோ பெல்ட்டில் மாட்டினால் தேட நேரம் ஏது? மெஷின் பக்கத்திலேயே, கை எட்டுற தூரத்தில், காளான் மாதிரி பெரிய சிவப்பு பட்டன் ஒயர் போட்டு வைக்கணும். ஒரு தட்டு தட்டினால் நிற்கணும்.

நாலு, கை வைக்கும் முன்னே மெயினை அணைக்கணும். ரிமோட்டில் ஆஃப் பண்ணினது ஆஃப் ஆகாது. மெயினை இறக்கி, பீஸ் கேரியரைக் கழற்றி, உள்ளே கை வைக்கிறவங்களே அதைத் தன் மடியில் வைத்துக்கணும். 1948-ஆம் வருஷத் தொழிற்சாலைச் சட்டத்தின் 24-ஆம் பிரிவும், தவறி ஆன் ஆகக்கூடிய சுவிட்சை ஆஃப் நிலையில் பூட்டி வைக்க ஏற்பாடு வேணும்னு சொல்லியிருந்தது. நம்ம சின்ன ஷெட் தொழிற்சாலைக் கணக்கில் வராமல் இருக்கலாம். கை எல்லாருக்கும் ஒரே கைதான்.

கடைசியா நாங்க என்ன செய்தோம்? ரிமோட்டைக் கழற்றிட்டோம். யோசித்துப் பார்த்தால் எங்களுக்கு வேண்டியது ரிமோட்டே இல்லை. எட்டுற தூரத்தில் ஒரு பட்டன். ஸ்டார்ட்டரை மெஷின் பக்கத்துச் சுவரில் மாற்றி வைத்தோம். மூட்டைகளை எதிர்ப்பக்கம் அடுக்கினோம்.

ரிமோட் வேணும்னே இருக்கிற குழுக்கள், அதை ஸ்டார்ட்டர் காயிலோட இணைத்து, நிறுத்துறதுக்கு மட்டும் வைங்க. ஆன் பண்றது மெஷின் முன்னால நிற்கிறவங்க கையில் இருக்கட்டும். கிணற்று மோட்டாரை செல்போனில் ஆன் பண்ற வீடுகளிலும், யாராவது மோட்டார்கிட்ட வேலை செய்தால் மெயினை அணைக்கச் சொல்லுங்க. இந்த வேலையெல்லாம் லைசென்ஸ் உள்ள வயர்மேன்தான் செய்யணும். எர்த் சரியா இருக்கான்னும் அப்பவே பார்த்துக்கோங்க.

அடுத்த குழுக் கூட்டத்தில் மெயின் சோதனையை எல்லாரும் முன்னால செய்து பார்த்து, தீர்மான நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுங்க. கடன் தவணை ஒரு மாசம் தள்ளிப் போனாலும் கட்டிடலாம். போன விரல் திரும்பி வராது.