பிரேக் கத்துதா? எத்தனை மில்லிமீட்டர்னு கேளுங்க

இன்னைக்கு பிரேக் சத்தம். நிறைய பேர் வாய்ஸ் நோட்ல 'கீச்'சையே ரெக்கார்ட் பண்ணி அனுப்பியிருந்தீங்க, அதனால நேரா விஷயத்துக்குப் போயிடலாம்.

மழை பெய்ஞ்ச மறுநாள் காலையில, முடிச்சூர் தெருவுல நின்ன வண்டியை எடுக்கும்போது சர்ர்னு உரசுதா? டிஸ்க் இரும்பு. ஒரே ராத்திரியில மெல்லிசா துரு பிடிக்கும். நாலஞ்சு தடவை பிரேக் பிடிச்சா பேடே அதைத் தேய்ச்சு எடுத்துடும். இதுக்கு யாருக்கும் காசு தர வேண்டாம்.

விடாம வர்ற கூர்மையான விசில் வேற. பல பேடுகள்ல ஒரு சின்ன உலோகத் தகடு இருக்கும். பேட் தேய்ஞ்சு 2, 3 மில்லிமீட்டருக்கு வந்ததும் அது டிஸ்க்கை உரசிக் கத்தும். வேணும்னே வெச்ச அலாரம் அது. சர்வர்ல வர்ற 'டிஸ்க் ஃபுல்' வார்னிங் மாதிரி (இங்கயும் டிஸ்க்தான், மன்னிச்சுக்கோங்க). வண்டி அன்னைக்கே நிக்காது, ஆனா அந்த வாரமே பேடை மாத்திடணும். பெருங்களத்தூர்ல இருந்து தாம்பரம் வரைக்கும் ஜிஎஸ்டி ரோட்ல தினமும் ஊர்ந்து போறவங்களுக்கு பேட் சீக்கிரமே தேயும்.

கர்ர்னு அரைக்கிற சத்தம்னா, பேட் தீர்ந்து இரும்பும் இரும்பும் உரசுதுன்னு எடுத்துக்கோங்க. அங்க பணம் பார்க்காதீங்க. ஓட்டாம டோ பண்ணுங்க.

இப்போ எஸ்டிமேட். சேலையூர்ல என் ஃப்ரெண்ட் ஒருத்தன் கீச் சத்தத்துக்காக சின்ன ஹேட்ச்பேக்கை சர்வீஸ் விட்டான். முன் பேட், ரெண்டு டிஸ்க், பின் ஷூ, எல்லாம் சேர்த்து பதினெட்டாயிரம். "பிரேக் சார், உயிர் விஷயம்"னு சொன்னா யார் வாதாடுவா? அவன் ஒண்ணே ஒண்ணு கேட்டான்: "பேட் எத்தனை மில்லிமீட்டர் இருக்கு?" அட்வைசர் உள்ள போய் அளந்துட்டு வந்தார். 7. புது பேடே பல சின்ன கார்கள்ல 10 பக்கம்தான். சத்தம் வந்தது பின் டிரம்ல சேர்ந்த தூசியால. கழட்டி, சுத்தம் பண்ணி, அட்ஜஸ்ட் பண்ணதோட சரி.

டிஸ்க்குக்கும் இதே கேள்விதான். குறைந்தபட்ச தடிமன் பெரும்பாலும் டிஸ்க்கிலேயே பொறிச்சிருக்கும். அதுக்குக் கீழ போயிருந்தா மாத்தித்தான் ஆகணும், மெக்கானிக் சொல்றது நியாயம். பிரேக் ஆயில் விஷயத்துலயும் சண்டை போடாதீங்க. அது காத்துல இருக்கிற ஈரத்தை இழுக்கும், ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்துறது நல்லது. ஆனா கழட்டின பழைய பார்ட் வேணும்னு வேலை ஆரம்பிக்கும் முன்னாடியே சொல்லிடுங்க.

"வெளிய பார்ட் வாங்கினா வாரன்டி போயிடும்"னு பயமுறுத்துவாங்க. உதிரிபாகங்களை வெளிச்சந்தையில கிடைக்க விடாம தடுத்ததுக்காகவும், வெளி மெக்கானிக்குகளுக்கு வழி அடைச்சதுக்காகவும் 2014 ஆகஸ்ட்ல இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் போட்டது. கம்பெனிகள் அப்பீல் போனது தனிக் கதை. கார் கம்பெனிகளுக்கே பிரேக் செய்ற பிரேக்ஸ் இந்தியா நம்ம பாடியிலதான் இருக்கு. ஜி.பி. ரோட்ல பேட் வாங்கினா பில்லோட வாங்குங்க, போலிகளும் உண்டு.

செய்யாத வேலைக்கு பில் போட்டா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நுகர்வோர் ஆணையத்துல 5 லட்சம் வரைக்கும் புகார் கட்டணம் கிடையாது. ஜாப் கார்டை மட்டும் தூக்கிப் போட்டுடாதீங்க. அடுத்த எபிசோட்ல டயர்.